டிரெய்லர் மாட்டினால் மட்டும் உதறும் வண்டி

மேட்டுப் பாதையில்தான் அது முதலில் வந்தது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம், பின்னால் ஏறக்குறைய 1,400 கிலோ எடையுள்ள டிரெய்லர். வேகம் விழாமலிருக்க ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். தார்ச்சாலையை விட்டுச் சரளைக் கல்லில் இறங்கியதுபோல் வண்டி தடதடவென்று உதறியது. ஸ்டீயரிங்கில் ஒன்றும் தெரியவில்லை. இருக்கையும் காலடித் தரையும்தான் நடுங்கின. மூன்று நொடி இருக்கும். கியர் ஒரு படி இறங்கியதும், ஒன்றுமே நடக்காததுபோல் அமைதியாக ஏறத் தொடங்கியது.

வண்டி 2002-இல் தயாரான பிக்கப். ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், மூன்று மூன்றாக இரு வரிசை, நான்கு கியர் ஆட்டோமேட்டிக், பின்சக்கரங்கள்தான் இழுக்கும். டிரெய்லர் இல்லாமல் ஓட்டிப் பார்த்தால் இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி என்று யாரும் சொல்லமாட்டார்கள். நின்ற இடத்தில் எஞ்சின் ஒரு துளி நடுக்கமில்லாமல் ஓடும். முகப்பில் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. சுமை ஏறினால் மட்டும் நோய், சுமையை இறக்கினால் குணம். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால் சமர்த்தாக நிற்கும்.

அடுத்த ஆறு வாரங்களில் நான் செய்தவற்றில் பெருமைப்பட எதுவும் இல்லை. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகளை மாற்றினேன். அவை வெடித்துப் பழையதாகத்தான் இருந்தன, ஆனால் உதறலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. பெட்ரோல் ஃபில்டரை மாற்றினேன். ஃபில்டர் அடைத்திருந்தால் வரும் கோளாறு வேறு மாதிரி இருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது: நீண்ட மேட்டில் சில நொடிகள் நன்றாக இழுத்துவிட்டு, பிறகு மூச்சு வாங்குவதுபோல் வண்டி சோர்ந்துபோகும், எவ்வளவு அழுத்தினாலும் சக்தி வராது. என் வண்டியில் சக்தி பெரிதாகக் குறையவில்லை. குத்துக் குத்தாக உதறியது, அவ்வளவுதான். ஸ்பார்க் பிளக் பக்கம் நான் போகவே இல்லை. டிரெய்லர் வாங்குவதற்குச் சில மாதங்கள் முன்னால் ஆறு பிளக்குகளையும் என் கையாலேயே புதிதாக மாற்றியிருந்தேன்.

பிறகு ஒரு நண்பர் பிரேக் சோதனையைச் சொல்லிக்கொடுத்தார். ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டிய சோதனை அது. அதைவிட முக்கியம், அதற்கு என்ன அர்த்தம் இல்லை என்பதைத் தெரிந்துகொள்வது.

எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. ஒரு பக்கத்துச் சுழற்சியை எண்ணெய் வழியாக மறுபக்கத்துக்குக் கடத்துவது அதன் வேலை. எண்ணெய் என்பதால் கொஞ்சம் நழுவல் எப்போதும் இருக்கும், எரிபொருளும் வீணாகும். அதைத் தவிர்க்கத்தான் உள்ளே ஒரு கிளட்ச் வைத்திருக்கிறார்கள். சீரான வேகம் வந்ததும் அது இரு பக்கங்களையும் இறுகப் பூட்டிவிடும். லாக்-அப் என்பது இதைத்தான். கியர் மாறாமலே ஆர்.பி.எம். முள் 200, 300 அளவு சட்டென்று இறங்குவதைப் பார்த்தால் பூட்டிக்கொண்டது என்று அறியலாம். இந்தக் கிளட்ச்சின் முகம் தேய்ந்துபோனாலோ, எண்ணெயின் உராய்வுக் குணம் கெட்டாலோ, அது பிடிப்பதும் நழுவுவதுமாகத் தத்தளிக்கும். வரிசையாக வேகத்தடைக் கோடுகள்மேல் ஏறிப்போவது போன்ற உதறல் வரும். பிரேக் மிதியைப் பின்விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இலேசாகத் தொட்டால் லாக்-அப் விடுபடும். உதறல் அந்த நொடியே நின்றால் சந்தேகம் அதன்மேல் விழும்.

அதே மேட்டில் தொட்டுப் பார்த்தேன். நின்றுவிட்டது. விட்டேன், வந்தது. தொட்டேன், நின்றது. கள்வனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மகிழ்ச்சியில் கியர்பெட்டி எண்ணெயை மாற்றினேன். அடித்தட்டைக் கழற்றி வடித்தால் மொத்த எண்ணெயும் வராது. பெரும்பகுதி கன்வெர்ட்டருக்குள்ளும் குளிர்விப்பானிலும் தங்கிவிடும். எனவே இடையிடையே வண்டியை ஓட்டி மூன்று முறை வடித்து நிரப்பினேன். பழைய எண்ணெய் சிவப்பு போய்ப் பழுப்பாகியிருந்தது. கருகிய வாடையோ உலோகத் தூள்களோ இல்லை. முதல் இரண்டு பயணங்களில் உதறல் குறைந்துவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவதில் அப்படிச் சொல்லமுடியவில்லை.

கியர்பெட்டியை இறக்கிப் பிரித்துக் கட்டவேண்டும் என்றார்கள் ஒரு பணிமனையில். கிட்டத்தட்ட ஒப்புக்கொண்டுவிட்டேன். என்னைத் தடுத்தது அறிவு இல்லை, கஞ்சத்தனம். இன்னும் ஒரு வாரம் யோசிப்போம் என்று வண்டியைத் திருப்பி ஓட்டிவந்தேன். அந்த வாரத்தில் எழுந்த கேள்வி இது: லாக்-அப் விடுபடும்போது உண்மையில் என்னவெல்லாம் மாறுகிறது?

பூட்டு இறுகியிருக்கும்போது எஞ்சினில் நிகழும் ஒவ்வொரு சின்ன இடறலும் நேராகச் சக்கரம்வரை போகும். பூட்டு விடுபட்டால் நடுவே எண்ணெய் மெத்தை வந்துவிடும். இடறல் அதில் அமுங்கிப்போகும். கூடவே ஆர்.பி.எம். 300 ஏறுகிறது, ஒவ்வொரு சிலிண்டரும் சுமக்கும் பாரம் கொஞ்சம் இறங்குகிறது. ஆக, பிரேக் சோதனை சொல்வது உதறல் லாக்-அப் வழியாக வருகிறது என்பதை மட்டுமே. அங்கேயே பிறக்கிறது என்று அது சொல்லவில்லை. சோதனை பொய் சொல்லவில்லை, நான்தான் தவறாகப் படித்தேன். எய்தவன் இருக்க அம்பை நொந்த கதை.

அதன்பிறகு எந்தப் பாகம் கெட்டிருக்கும் என்று கேட்பதை விட்டுவிட்டேன். இந்த உதறல் எதனுடைய தாளத்துக்கு ஆடுகிறது என்று கேட்டேன். வண்டியில் சுழல்பவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம் உண்டு. என் டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பத்து முறை சுற்றும். பின் அச்சின் பல் விகிதம் 3.7 என்பதால், கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 37 முறை. நான்காம் கியரில் எஞ்சின் ஏறக்குறைய 1,570 ஆர்.பி.எம்., அதாவது நொடிக்கு 26 சுற்று. நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். ஒரே ஒரு சிலிண்டர் பழுது என்றால் இடறல் நொடிக்கு 13 முறை வரவேண்டும்.

பத்துக்கும் பதின்மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை முதுகால் உணர முடியாது. கைப்பேசி உணரும். அதிர்வை அளந்து வரைபடமாகக் காட்டும் செயலி ஒன்றை நிறுவி, கைப்பேசியை இருக்கைக்கு அடியில் இரும்புச் சட்டத்தோடு ஒட்டினேன். மேட்டில் அது காட்டிய எண் 13. இதோடு நிறுத்தியிருந்தால் மறுபடியும் அவசரப்பட்டவன் ஆகியிருப்பேன். ஒரே கியரில் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதிலும் பயனில்லை. பூட்டிய கியரில் சக்கரம், ஷாஃப்ட், எஞ்சின் எல்லாமே ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். கியரை மாற்றவேண்டும். நெம்புகோலை மூன்றில் நிறுத்தி, இன்னும் செங்குத்தான மேட்டில் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினேன். இப்போது சக்கரம் நொடிக்கு ஏழு சுற்றுதான், ஆனால் எஞ்சின் அதே 1,540 சொச்சம். உதறல் வந்தது. கைப்பேசி காட்டிய எண் மறுபடியும் 13.

சாலையோடு அதற்கு உறவில்லை. எஞ்சின் சுழற்சியில் சரிபாதி அது. நழுவும் லாக்-அப் கிளட்ச் இப்படிக் கணக்காகப் பாதித் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வழியில்லை.

இன்னொரு சோதனை எந்தக் கருவியும் கேட்காதது. சாலையோரம் நீண்ட மதில் ஓடும் இடத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு, பிரேக் மிதியை இலேசாகத் தொட்டபடி (லாக்-அப் விடுபட்ட நிலையில்) ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தினேன். உடம்புக்கு எந்த உதறலும் தெரியவில்லை. ஆனால் மதிலில் மோதித் திரும்பிவந்த புகைக்குழாய்ச் சத்தத்தில், சீரான உறுமலுக்கு நடுவே ஒரு 'பட்… பட்' இருந்தது. மெத்தைக்கு அடியிலும் இடறல் தொடர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. இந்தச் சோதனையைச் சில நொடிகளுக்குமேல் நீட்டாதீர்கள். பின்னால் வருபவர்களுக்கு உங்கள் பிரேக் விளக்கு எரிவது மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. எஞ்சின் கணினியைப் படிப்பதற்காக வண்டியில் இருக்கும் ஓ.பி.டி. துளையில் மாட்டும் ஸ்கேனரில் இரண்டு விஷயங்கள் பார்த்தோம். 'பார்த்தோம்' என்பது காரணத்தோடுதான்: நான் ஓட்டினேன், நண்பர் திரையைப் பார்த்தார். டிரெய்லரோடு மேட்டில் ஏறும்போது ஓட்டுபவர் எண்களைப் படிக்கக் கூடாது. ஒன்று, எரிபொருள் திருத்தம். எஞ்சின் கணினி தன் அடிப்படைக் கணக்குக்குமேல் எவ்வளவு பெட்ரோல் கூட்டுகிறது என்று சொல்லும் சதவீதம் அது. ஒரு வரிசையில் 3, மறு வரிசையில் 14. பெட்ரோல் பம்ப்போ ஃபில்டரோ பலவீனமாக இருந்தால் இரு வரிசைகளுமே பட்டினி கிடக்கவேண்டும். ஒரு வரிசை மட்டும் கேட்கிறது என்றால் கோளாறு அந்தப் பக்கத்தில்தான். ஆனால் இந்த எண்ணிலும் ஒரு வஞ்சகம் உண்டு. வெடிக்காத சிலிண்டர் தன்னிடமிருந்த ஆக்சிஜனை அப்படியே புகைக்குழாய்க்குள் தள்ளும். அதை முகர்ந்த சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று தப்பாகப் புரிந்துகொள்ளும். உண்மையில் பெட்ரோல் இருந்தது, பற்றவில்லை.

இரண்டாவது, சிலிண்டர் வாரியாக மிஸ்ஃபயர் (வெடிக்கவேண்டிய நேரத்தில் வெடிக்காமல் போவது) எண்ணிக்கை. என் வண்டியின் கணினி அதை எண்ணி வைத்திருந்தது. விளக்கை ஏற்றும் வரம்பைத் தொடவில்லை என்பதால்தான் வாய் திறக்கவில்லை. டிரெய்லர் இல்லாமல் ஓட்டினால் எல்லாம் பூஜ்யம். டிரெய்லரோடு ஒரு மேடு ஏறி இறங்கியதும் நான்காவது சிலிண்டரில் மட்டும் 41. விளக்கு எரியவில்லை என்பதற்காகக் கணினிக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிட்டேன். அந்த ஆறு வாரமும் அது கேட்டால் சொல்லியிருக்கும்.

பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் இக்னிஷன் காயிலை நான்காவதிலிருந்து கழற்றி எதிர்வரிசையில் ஒன்றாவதில் மாட்டினேன், அதனுடையதை இங்கே. காயில் கெட்டிருந்தால் கோளாறும் அதோடு இடம்மாறி ஒன்றாவதற்குப் போகும். போகவில்லை, நான்கிலேயே நின்றது. காயில்களை மட்டும்தான் மாற்றினேன், அவற்றுக்கும் பிளக்குக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் உறைகள் அவரவர் இடத்திலேயே இருந்தன. மிச்சம் உறையும் பிளக்கும்.

கழற்றிய பிளக்கைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினேன். வெள்ளைப் பீங்கானில் தலைமுடியைவிட மெல்லிய விரிசல் ஒன்று. அதிலிருந்து கீழே உலோகப் பட்டைவரை பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு. உறையின் உட்புறத்தில் அதற்கு நேராக ஒரு சாம்பல் நிறத் தடம். அந்தப் பிளக் இருப்பது எஞ்சினின் பின்மூலையில். கையை முழங்கைவரை நுழைத்து, கண்ணால் பார்க்காமலே திருகவேண்டிய இடம். மாட்டும்போது சாக்கெட் சாய்ந்து பீங்கானை நெருக்கியிருக்கிறது. புதுப் பிளக் என்று நான் சந்தேகிக்கவே இல்லை. புதியதுதான், நான் உடைத்த புதியது.

சுமையில் மட்டும் ஏன் இப்படி என்பதற்கும் விடை அந்தக் கோட்டிலேயே இருந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த சிலிண்டருக்குள் அதிகக் கலவை நுழைகிறது, அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் பிளக் முனையின் இடைவெளியைத் தாண்ட மின்பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். நின்ற இடத்தில் ஓடும்போது இடைவெளியே எளிய பாதை, பொறி அங்கேயே தாவும். மேட்டில், அதுவும் குறைந்த ஆர்.பி.எம்.மில், இடைவெளி கடினமாகி விரிசல் எளிதாகிறது. மின்சாரம் விரிசல் வழியாகக் கசிந்து உலோகத்தில் இறங்கிவிடும், பெட்ரோல் பற்றாமலே வெளியேறும். டிரெய்லர் எதையும் கெடுக்கவில்லை. கெட்டிருந்ததைக் காட்டிக்கொடுத்தது.

பிளக்கை மாற்றும்போது உறையையும் சேர்த்து மாற்றுங்கள். உறையில் பதிந்த தடம் புதுப் பிளக்கிலும் அதே கோட்டைப் போட்டுவிடும். எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்ன ஆரம்பித்தால் சோதனையெல்லாம் வேண்டாம். காலை எடுத்து ஓரங்கட்டுங்கள். பற்றாத பெட்ரோல், புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும் நிலை அது. கன்வெர்ட்டர் உருகி அடைத்துக்கொண்டால் ஒரு பிளக்கின் பிரச்சினை பல மடங்காகிவிடும்.

மேட்டு உதறல் போனது. அப்போதுதான் இன்னோர் உதறல் இருப்பது தெரிந்தது. முதலிலிருந்தே இருந்திருக்கவேண்டும், இரண்டையும் ஒன்றென்று எண்ணியதால்தான் எந்த விளக்கமும் முழுதாகப் பொருந்தாமல் போயிருக்கிறது. இது டிரெய்லரோடு நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, 10 முதல் 30 கிலோமீட்டர் வேகத்துக்குள், அடியிலிருந்து 'தொம் தொம்' என்று வரும். லாக்-அப் அந்த வேகத்தில் பூட்டவே பூட்டாது. ஸ்கேனரில் எல்லாச் சிலிண்டரும் பூஜ்யம்.

டிரெய்லரை மாட்டிவிட்டு ஒரு பக்கமாகத் தள்ளிநின்று பார்த்தேன். வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தது, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. கொக்கியின்மேல் டிரெய்லர் இறக்கும் எடை அதிகம். அதை அளக்க, ஆள் ஏறிநிற்கும் எடைப்பொறியும் ஒரு தடித்த மரக்கட்டையும் போதும். கட்டையின் ஒரு முனையை ஒரு தாங்கியின்மேலும், 120 சென்டிமீட்டர் தள்ளி மறுமுனையை எடைப்பொறியின்மேலும் வைத்து, தாங்கியிலிருந்து 40 சென்டிமீட்டரில் டிரெய்லரின் முன்மூக்கை இறக்கினேன். பொறி மூன்றில் ஒரு பங்கைக் காட்டும். கட்டையின் எடையைக் கழித்தபின் 80 வந்தது, ஆக 240 கிலோ. மொத்த எடையில் 17 சதவீதம். இத்தகைய டிரெய்லர்களுக்குப் பத்து முதல் பதினைந்து சதவீதம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. அதற்குமேல் உங்கள் வண்டியின் கையேடும் கொக்கியில் பொறித்த எண்ணும் விதிக்கும் உச்சவரம்பு எதுவோ அதுதான் கணக்கு.

பின்பக்கம் தாழ்ந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வு மாறுகிறது. அதன் இரு முனைகளிலும் உள்ள கிராஸ் ஜாயின்ட்டுகள் (சாய்ந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்தும் இணைப்புகள்) சாய்வாகச் சுழலும்போது ஒரு சுற்றுக்கு இருமுறை வேகம் கூடிக் குறையும். இரு முனைகளின் சாய்வும் சமமாக இருந்தால் ஒன்றின் தடுமாற்றத்தை மற்றது ஈடுகட்டிவிடும். சமம் குலைந்தால் மிச்சமிருப்பது உதறலாக வரும். கிளம்பும் வேளையில் பின் அச்சு தன் மூக்கை இன்னும் மேலே தூக்குவதால் அப்போதுதான் மோசம். ஷாஃப்டைக் கழற்றிப் பின் ஜாயின்ட்டைக் கையால் மடக்கினேன். ஓரிடத்தில் சிக்கி, பிறகு 'கிளிக்' என்று விலகியது. உள்ளே ஊசி பேரிங்குகள் கிராஸ் கட்டையில் வரிவரியாகப் பள்ளம் பதித்திருந்தன. ஷாஃப்டைக் கழற்றுமுன் அச்சின் விளிம்பிலும் ஷாஃப்டிலும் ஒரு வெள்ளைக் கோடு இட்டுக்கொள்ளுங்கள், மாட்டும்போது அதே நிலையில் சேரவேண்டும். வண்டி உருளாதபடி சக்கரங்களுக்கு முட்டுக் கொடுப்பதையும் மறக்கவேண்டாம்; ஷாஃப்ட் வெளியே வந்துவிட்டால் 'பார்க்' நிலை எதையும் பிடித்துவைக்காது.

ஜாயின்ட்டை மாற்றி, டிரெய்லரில் கனமானவற்றை அச்சுக்கு நேராக நகர்த்தினேன். மூக்கெடை 165 கிலோவுக்கு வந்தது. ஆசைப்பட்டு இன்னும் பின்னால் தள்ளிவிடாதீர்கள். மூக்கெடை குறைந்துபோனால் வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல் நெளியும். உதறல் எரிச்சல் தரும், நெளிவு கவிழ்த்துவிடும்.

சென்ற வாரம் அதே மேட்டில், அதே சுமையோடு ஏறினேன். நண்பர் ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது தொம் இல்லை, 80-இல் தடதடப்பு இல்லை. உச்சிக்கு வந்து நிறுத்தியதும் எண்களை வாசிக்கச் சொன்னேன். நான்கில் பூஜ்யம். ஆறில் இரண்டு.

ஆறாவது, நான்காவதற்கு அடுத்து அதே மூலையில் இருக்கிறது. அந்தப் பிளக்கையும் நான்தான் மாட்டினேன்.